தலைக்குக் குளித்த செய்தி

ஜூன் 3

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. உனக்கு இருப்பதே ஒரு தாய்மாமன்தான், ஆகவே எந்த மாமன் என்று குழம்ப வேண்டியதில்லை.

உன் தம்பி பேசினான். நீ பல் செட் செய்யும் லேபுக்குப் போவதில்லையாம். போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டாயாம். அவன் வந்து கதவைத் தட்டினால் உள்ளே இருந்து "நல்லாத்தான் இருக்கேன், போடா" என்று மட்டும் குரல் வருகிறதாம். போனை அணைக்கலாம், தபால்காரரை எப்படி அணைப்பாய்? அதனால்தான் கடிதம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதே தவிர, எழுத்து கைவிடவில்லை. அந்தக் காலத்தில் என் கையெழுத்தைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வகுப்பு வாத்தியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

நான் நலம். சாதாரண நலம் இல்லை. என் கிரேன் நூற்றைம்பது மீட்டர் உயரம். சரி, எழுபது. மேகம் இறங்கி வரும் நாளில் நூற்றைம்பது போலத்தான் தெரியும். நேற்று கேபின் கண்ணாடிக்கு வெளியே ஒரு பருந்து வந்து நின்றது. பறக்கவில்லை, சிறகை விரித்தபடி காற்றில் நின்றது. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம் என்று அதற்குப் புரிந்துவிட்டது. தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போயிற்று. கீழே மனிதர்களெல்லாம் சிந்திய கடுகு மாதிரி கிடந்தார்கள்.

செப்டம்பர் பத்தாம் தேதி உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி வருகிறார். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அவர் கண் முன்னால் ஏணியில் ஏறி, கேபினில் உட்கார்ந்து, இரண்டு டன் பாரத்தைத் தூக்கி, சொன்ன இடத்தில் முட்டையை வைப்பது போல வைக்க வேண்டும். தவறினால் உரிமம் போய்விடும், அப்புறம் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கென்ன? இருபத்தேழு வருடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவேன். போன தடவை வந்த அதிகாரி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிப்ரவரியில், உன் அம்மாவைக் கிடத்தியிருந்த அறையில், எல்லார் முன்னாலும் நீ என்னை வெளியே போகச் சொன்னாய். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அன்று காது வேறு அடைத்திருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் விடுப்புக்கூட எடுக்கவில்லை. நான் இல்லாவிட்டால் இங்கே ஒரு செங்கல் நகராது.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

ஆகாயத்தில் வேலை செய்யும்
உன் மாமன்


ஜூன் 14

மாமாவுக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் பிரித்தேன்.

போன் அடிக்கிறது, அதனால் அணைத்தேன். வேறு பெரிய காரணம் இல்லை. லேபில் மூன்று மாதம் விடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கும்போது கை நடுங்குகிறது. முன்பற்கள் ஆறையும் வரிசையாக வைத்துவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்ப்போம், சிரிப்பு சரியாக இருக்கிறதா என்று. யாருக்குச் செய்தாலும் அது அம்மாவின் வாயாகத் தெரிகிறது. ஒரு வாரத்தில் நான்கு செட்டை உருக்கிவிட்டேன்.

ஒரு மனநல ஆலோசகரிடம் போகிறேன். அவர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு காரியமாவது எனக்காக, என் உடம்புக்காக, மெதுவாகச் செய்ய வேண்டும். செய்ததை ஒரே ஒரு ஆளுக்கு எழுத வேண்டும். அந்த ஆள் அறிவுரை சொல்லாதவராக, "ஐயோ பாவம்" என்று சொல்லாதவராக இருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். யாரும் தேறவில்லை. அப்போதுதான் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். நீங்கள் அறிவுரை சொல்ல மாட்டீர்கள், ஏனென்றால் அடுத்தவர் பேசுவது உங்கள் காதில் விழுந்ததே இல்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா கிடந்த அறையில் நின்றுகொண்டு, அவள் மறந்துவைத்த குடைக்காக டிரைவரை மிரட்டிப் பேருந்தை மூன்று நிறுத்தம் பின்னோக்கி ஓட்டவைத்தாள் என்று கதை சொன்னீர்கள். ஒரு கூட்டமே சிரித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வாரக் காரியம்: தலைக்குக் குளித்தேன். பத்தொன்பது நாளுக்குப் பிறகு. நின்றுகொண்டு குளிக்க முடியவில்லை. அதனால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பாதித் தலையைத் தேய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு மீதிப் பாதி.

அவ்வளவுதான். இதற்குப் பதில் தேவையில்லை.

அக்கா மகள்


ஜூன் 23

அன்புள்ள சில்வண்டுக்கு,

பதில் தேவையில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரி சரியாகத் தெரியவில்லை, மை ஊறியிருந்தது.

பாதித் தலை, ஓய்வு, மீதித் தலை. இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நாங்கள் பெரிய பாரத்தை அப்படித்தான் தூக்குவோம். ஒரே தூக்கில் வராது என்றால் பிரித்துக் கட்டுவோம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது, ஒரு கொக்கியை வேறு முறித்தேன். நீ ஈரத் தலையோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாய். இரவுச் சாப்பாட்டை மறந்துவிட்டு அந்தப் பத்தியை எட்டுத் தடவை படித்தேன். எட்டு என்பது உண்மையான எட்டு.

ஒரு விஷயம் சொன்னால் கோபப்படக் கூடாது. காலை பத்து மணி டீயின்போது வெல்டரிடம் இதைச் சொல்லிவிட்டேன். பத்தொன்பது நாளை நாற்பது ஆக்கினேன். அது என் கை வழக்கம், மாற்ற முடியாது.

"நாப்பது நாளா?" என்றார் வெல்டர்.

"நாப்பதுதான். அப்புறம் ஒரு நாள் எழுந்து, ஸ்டூலப் போட்டு, பாதிப் பாதியா முடிச்சிட்டா."

சிரிப்பார் என்று நினைத்தேன். எமகாதகர் அவர், பிறந்த குழந்தையைக்கூடக் கிண்டல் செய்வார். டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே இருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"நான் வீட்டுக்குப் போனா ஷூவக் கழட்ட மாட்டேண்ணே. அப்படியே உக்காந்திருப்பேன். அவ வந்து கழட்டினாத்தான் உண்டு. அசதின்னு சொல்லிக்கிறேன்."

"அசதி இல்லையா?"

"இல்லண்ணே."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம், சில்வண்டு. அந்த மனிதனுக்குள் அப்படி ஒரு அறை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கவசத்தை முகத்தில் இறக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரிய கட்டடத்தின் அஸ்திவாரத்தை முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவன் மாதிரி.

பக்கத்தில் இருந்த எங்கள் கிரேன் சிக்னல்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். ஸ்டூல் பிளாஸ்டிக்கா, மரமா?

பதில் எழுது.

உன் மாமன்


ஜூலை 2

மாமாவுக்கு,

நான் குளித்ததை ஒரு கட்டட வேலைத்தளம் முழுக்கப் பரப்பிவிட்டீர்கள். உங்களை நம்பி எழுதினேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்து நான்கு நாள் இருந்தேன்.

வெல்டர் இப்போது ஷூவைக் கழற்றுகிறாரா?

ஸ்டூல் பிளாஸ்டிக். சிவப்பு. ஒரு கால் லேசாக வளைந்தது.

இந்த வாரம்: தெருமுனை வரை நடந்து வரலாம் என்று கிளம்பினேன். ஆலோசகர் சொல்லவில்லை, நானாகக் கிளம்பியது. தையல்கடை, சைக்கிள் கடை, பிறகு மூடிக் கிடக்கும் அந்தப் பெரிய கேட். கேட் வரைக்கும் சரியாக இருந்தது. அங்கே நெஞ்சு அடைத்துக்கொண்டது. அம்மாவாக இருந்தால், "இன்னும் நாலு எட்டுத்தானே, போயிட்டு வாடி" என்பாள். நானும் எப்போதும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து திரையை விலக்கிவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் பாயைப் போட்டு, அலாரம் வைக்காமல் தூங்கினேன்.

நடந்ததை நான் காரியமாக எழுதவில்லை. திரும்பியதைத்தான் எழுதுகிறேன். வித்தியாசம் உங்களுக்குப் புரியுமா என்று தெரியாது.

இதையாவது வாயை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள்


ஜூலை 12

அன்புள்ள சில்வண்டுக்கு,

வாயை மூடித்தான் வைத்திருந்தேன், ஒன்றரை நாள். என் வாழ்நாள் சாதனை. அப்புறம் அவர்களாகவே வந்து கேட்டார்கள். நான் என்ன செய்ய?

"உங்க அக்கா பொண்ணு இந்த வாரம் என்ன செஞ்சுது?" என்று முதலில் கேட்டது வெல்டர். ஷூ விவரம் கேட்டிருந்தாயே, இரண்டு நாள் அவரே கழற்றினாராம். மூன்றாம் நாள் முடியவில்லையாம். முடியவில்லை என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்னாராம். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ பாதியில் திரும்பிய விஷயத்துக்கு ஒரு சண்டையே நடந்தது. சிக்னல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"போனது சாதனை, சரி. பாதியில திரும்புறதுல என்னண்ணே இருக்கு? அத எங்க வீட்டு மாடே செய்யும்."

"உன் வீட்ல ஏதுய்யா மாடு?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

"நீ எப்பவாச்சும் பாதியில திரும்பியிருக்கியா?" என்றார் வெல்டர்.

சிக்னல்காரர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அவர் வேலை என்ன தெரியுமா? கீழே நின்றுகொண்டு மேலே இருக்கிற கிரேனுக்குக் கையால் சைகை காட்டுவது. ஏற்று, இறக்கு, நிறுத்து. மாலை வரை அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். கிளம்பும்போது வந்து சொன்னார்: "நாள் பூரா நிறுத்து நிறுத்துன்னு ஊருக்கே கை காட்டுறேண்ணே. எனக்கு நானே ஒரு தடவகூடக் காட்டினதில்ல."

நாங்கள் மூவரும் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருபத்திரண்டு மாடி நின்றது. அதில் ஒரு பாதி நான் ஒற்றைக் கையால் தூக்கி வைத்தது. அதைப் பார்க்கத் தோன்றவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பெண் மூடிய கேட்டைத் தொடாமல் திரும்புகிறாள், திரும்பி வெயிலில் படுக்கிறாள். அதைத்தான் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிக்னல்காரர் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். உன் காரியங்களை வரிசையாக எழுதி வைக்கிறார். சிவப்பு ஸ்டூலும் அதில் ஏறிவிட்டது.

நான் வழக்கம்போல மேலே அமோகம். நேற்று ஒரு விமானம் அவ்வளவு பக்கத்தில் போயிற்று, ஓட்டுபவர் எனக்குக் கைகூட ஆட்டினார்.

உன் மாமன்


ஜூலை 25

மாமாவுக்கு,

இந்த வாரக் காரியத்தை முதலில் எழுதிவிடுகிறேன். லேபுக்குப் போனேன். பாதி நாள்தான். முழு செட்டைத் தொடவில்லை. ஆறு முன்பற்களை மட்டும் பதித்தேன், அதுவும் யாருடைய வாய் என்று பெயர்ச்சீட்டைப் பார்க்காமல். கை நடுங்கியபோது மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சுடுநீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, நடுக்கம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் திட்டவில்லை. நடுங்குகிற கை என்னுடைய கைதானே. பதினோரு நிமிடம் ஆனது. பிறகு ஐந்தாவது பல்லை வைத்தேன். எதையும் உருக்கவில்லை.

இதை நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் இரண்டு பேரும் படிக்கிறார்கள் என்று நினைத்தால் எழுதுவது சுலபமாக இருக்கிறது. இதைச் சொல்வேன் என்று நினைக்கவில்லை.

இப்போது வேறொன்று.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, கிரேன்மேல் உங்களுக்குப் பசித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவேன் என்றீர்கள். சாப்பாடு கயிற்றில் கட்டி மேலே வரும். டீயும் வரும். நடுவில் இறங்கினால் நூறு பேர் வேலை நின்றுவிடும். அந்தக் கதையில் மட்டும் நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்று அம்மாவும் சொன்னாள்.

ஆனால் கடைசி இரண்டு கடிதத்திலும் நீங்கள் தரையில்தான் இருக்கிறீர்கள். காலை பத்து மணிக்கு வெல்டரோடு டீ. சிமெண்டு மூட்டைமேல் பேச்சு. சிக்னல்காரர் நாள் முழுக்க மேலே பார்த்துக் கை காட்டுகிறார் என்றால், மேலே யாருக்குக் காட்டுகிறார்?

மாமா, நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?

அக்கா மகள்


ஆகஸ்ட் 9

சில்வண்டுக்கு,

இது மூன்றாவது தாள். முதல் தாளில் எனக்கு முட்டுவலி என்று எழுதினேன். இரண்டாவதில் கிரேனுக்கு முட்டுவலி என்கிற அளவுக்குப் போய்விட்டது. கிழித்துவிட்டேன்.

நான் ஸ்டோரில் இருக்கிறேன். வாசலில் ஒரு தகரக் கொட்டகை. வருகிறவர்களுக்கு ஹெல்மெட், கையுறை, கயிறு எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். பிப்ரவரியிலிருந்து அங்கேதான். பருந்து வந்தது உண்மை. ஆனால் அது போன வருடம்.

உன் அம்மாவை அனுப்பிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன் என்று பெருமையாக எழுதினேனே, அன்றைக்கு நடந்தது இது. பகல் இரண்டு மணிக்குக் காற்று வரப்போகிறது, எல்லாரும் இறங்குங்கள் என்று உத்தரவு வந்தது. இறங்கினேன். கிரேனை விட்டு இறங்கும்போது, அதன் கையைத் திரும்பாமல் பிடித்திருக்கும் பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். இந்தத் தொழிலின் முதல் பாடம் அதுதான். அந்த நீண்ட கை, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் தானே திரும்பிக்கொள்ள வேண்டும். வெளியாட்கள் பார்த்தால் பயப்படுவார்கள், ஆளே இல்லாமல் கிரேன் சுற்றுகிறதே என்று. சுற்றுவதால்தான் அது நிற்கிறது. இறுக்கிப் பிடித்து வைத்தால் காற்று அதைச் சாய்த்துவிடும்.

நான் பிரேக்கை இறுக்கிவிட்டு இறங்கிவிட்டேன். இருபத்தேழு வருடத்தில் ஒரு நாள்கூடச் செய்யாத தப்பு.

டீக் கடையில் நின்றுகொண்டிருந்தோம். சிக்னல்காரர் மேலே பார்த்துவிட்டுச் சொன்னார், "அண்ணே, எல்லாக் கிரேனும் திரும்புது. நம்மளுது மட்டும் நிக்குது." பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் ஐந்து கிரேன். நான்கும் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. என்னுடையது மட்டும் விறைத்து நின்றது. இரும்பு முனகுகிற சத்தம் கேட்டது. கீழே ஒரு தெரு இருக்கிறது, பள்ளிக்கூட வேன் போகிற தெரு.

ஓடினேன். ஏணியைப் பிடித்தேன். ஒரு படி ஏறினேன். அடுத்த படிக்குக் கை வரவில்லை. விரல் திறக்கவே இல்லை, வெல்டிங் வைத்த மாதிரி. என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னை நகர்த்தியது மாற்று ஆபரேட்டர் அம்மா. அவருக்கு நாற்பது வயது, என் தோள் உயரம்தான் இருப்பார், வேலைக்குச் சேர்ந்த அன்று "இவங்களா ஏறப் போறாங்க" என்று நான் கிண்டல் செய்த ஆள். அவர் ஏறினார். அந்தக் காற்றில், எழுபது மீட்டர், ஒரு தடவைகூடக் கீழே பார்க்காமல். சேலை முந்தானை அளவு தெரிந்தார், அப்புறம் கைக்குட்டை அளவு, அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெரிய கை ஒரு மூச்சு விட்டுவிட்டு மெல்லத் திரும்பியது. தூக்கத்தில் ஒரு பெரிய மிருகம் புரண்டு படுப்பது போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. மழை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மழை பெய்யவில்லை.

அதன் பிறகு நான் ஏறவில்லை. ஏணிக்குப் பக்கத்தில் போனாலே விரல் இறுகிக்கொள்கிறது. சூப்பர்வைசர் நல்ல மனிதர், வெளியே சொல்லாமல் ஸ்டோரில் போட்டார். செப்டம்பர் பத்தாம் தேதி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம் என்று இருக்கிறேன். உரிமம் போய்விட்டால் நான் யார்? ஹெல்மெட் கொடுக்கிற ஆள்.

குடைக் கதையைப் பற்றி. அந்த அறையில் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். பேச்சு நின்றால் அக்கா செத்துவிட்டாள் என்று ஆகிவிடும் போல இருந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

மாமா


ஆகஸ்ட் 21

மாமா,

இந்தக் கடிதத்தை நோட்டில் ஏற்ற வேண்டாம்.

அன்று அந்த அறையில் குடைக் கதையைக் கேட்டு முதலில் சிரித்தது யார் தெரியுமா? நான்தான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். பேருந்து பின்னோக்கிப் போகிறது, ஜன்னலோரம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நீங்கள் சொன்னதும் அப்படியே கண் முன்னால் வந்தது. அந்த முகம். சிரிப்பு என்னைக் கேட்காமலே வந்துவிட்டது. பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். அம்மா கிடக்கும்போது சிரித்துவிட்டேனே என்று எனக்கு என்மேல் வந்த கோபத்தை உங்கள்மேல் போட்டேன். "வாயை மூடிட்டு வெளிய போங்க" என்றது என் வாயைத்தான்.

ஆறு மாதமாக நான் உருக்கிக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன். பற்களை வரிசையாக வைத்தால் சிரிப்பு வரும் இல்லையா? நேற்று ஒரு முழு செட்டை முடித்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்மா மாதிரியேதான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அறிவுரை கூடாது என்பதுதான் நம் ஒப்பந்தம். ஒரு கேள்வி மட்டும். நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். என் தம்பி இரண்டு வாரம் எடுத்தான். உங்களைத் தூக்கி வளர்த்தவள் அவள். அம்மாவுக்காக நீங்கள் எத்தனை நாள் எடுத்தீர்கள்?

சில்வண்டு


செப்டம்பர் 6

அன்புள்ள சில்வண்டுக்கு,

உன் கேள்விக்குப் பதில் ஒரே எழுத்தில் வரும், பூஜ்யம் என்று வட்டம் போட்டால் போதும். அந்த வட்டத்தைப் போட்டுவிட்டு எட்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ முதலில் சிரித்தாய் என்று எழுதியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே சொல்லவில்லை. ராத்திரி தனியாக எடுத்துப் படித்தேன். அக்கா இருந்திருந்தால் அவளும்தான் சிரித்திருப்பாள், அப்புறம் எனக்கு ஒரு குட்டு வைத்திருப்பாள்.

பத்தாம் தேதி நான் ஏறப்போவதில்லை. சூப்பர்வைசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் தடவை எழுதியதில் என்னை மின்னல் தாக்கியிருந்தது. இரண்டு மின்னல். வெல்டர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, உங்க அக்கா பொண்ணு எப்படி எழுதுது? பாதித் தலை தேய்ச்சேன், சாஞ்சுக்கிட்டேன்னு எழுதுது. அப்படி எழுதுங்க." சிக்னல்காரர் நோட்டைத் திறந்து உன் வரிகளைப் படித்துக் காட்டினார், எனக்குப் பழக்கம் வரட்டும் என்று. ஸ்டோர் வாசலில் மூன்று கிழங்கள், மன்னிக்கவும், இரண்டு கிழங்களும் ஒரு நடுவயதுக்காரனும் உட்கார்ந்து நாலு வரி எழுத மூன்று மணி நேரம் ஆயிற்று.

சூப்பர்வைசரின் அறை இருப்பது தரைத்தளத்தில். எட்டுப் படிகூட இல்லை, ஒரே படி. எழுபது மீட்டரை ஆயிரம் தடவை ஏறிய இந்தக் கால் அந்த ஒற்றைப் படியில் இரண்டு தடவை பின்வாங்கியது. உள்ளே போய்த் தாளை நீட்டினேன். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்தே அவர் எழுந்துவிட்டார். படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சார்."

"இருபத்தேழு வருஷத்துல உங்ககிட்டேருந்து வர்ற முதல் லீவ் லெட்டர் இது."

"ஆமா சார்."

"உக்காருங்க," என்றார். உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தேன். அவ்வளவு பெரிய அமைதியை நான் மேலேகூடக் கேட்டதில்லை, சில்வண்டு. மேகத்துக்குள் கேபின் போய்விட்டால் உலகமே இல்லாத மாதிரி இருக்கும், எல்லாம் வெள்ளையாக. அதைவிடப் பெரியதாக இருந்தது. ஒருவன் தன்னால் முடியவில்லை என்று சொன்ன பிறகும் கூரை அதே இடத்தில் இருக்கிறது, டீ சூடாகவே இருக்கிறது. இது எனக்குத் தெரியாமலேயே அறுபது வயதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

உரிமம் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. அதிகாரிக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். நாளை முதல் எனக்கு வேலை இல்லை, பதினைந்து நாள். என்ன செய்வது என்று புரியாமல் ஒரு ஸ்டூல் வாங்கி வந்திருக்கிறேன். நீலம்தான் கிடைத்தது.

விண்ணப்பத்தின் நகல் கீழே. சிக்னல்காரர் தன் கையெழுத்தில் எடுத்துக் கொடுத்தது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, அவரையே கேட்டுக்கொள்.

உன் மாமன்

ஐயா,

பிப்ரவரி மாதம் என் அக்கா இறந்துவிட்டார். மறுநாளே நான் வேலைக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது.

இப்போது ஏணியில் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தாம் தேதி என்னால் ஏற முடியாது. எப்போது முடியும் என்று தெரியவில்லை.

என் அக்காவுக்காக அன்று நான் எடுக்காத விடுப்பை இப்போது தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிரேன் ஆபரேட்டர்,
தற்சமயம் ஸ்டோர்.